குடைத்துணிப் பட்டமளிப்பு

வங்கக்கடல் வட்டாரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் இந்தத் தீவில், அபர்தீன் பஜாரில் சோடாக்கடை வைத்திருப்பவன் வாயைக் கட்டிக்கொண்டுதான் வியாபாரம் செய்ய வேண்டும். ஆகவே கோபப்படாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

டெலானிபூர் மேட்டில், யுத்த காலத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன தகரக் கொட்டகைகள் இரண்டு இருந்தன. ஒன்று மழைக்கு ஒழுகும், மற்றது ஒழுகாது. ஒழுகாததில் துணைவேந்தர் ஜெகநாதன் இருந்தார். ஒழுகுவதில் பல்கலைக்கழகம் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் படாக் என்கிற எங்கள் ஊர்ச் செம்மரத்தில், பாலிஷ் போட்டு, அம்மாடி, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அதில் படிப்புகளை வரிசையாக எழுதியிருந்தார்கள்: கோதுமைப் பயிரியல், ரயில்வே நிர்வாகம், பனிமலை நிலவியல். அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் புகுமுக வகுப்பான பி.யூ.சி. விஞ்ஞானம் என்றும் எழுதினார்கள்.

பாடத்திட்டம் வடக்கே கடலையே பார்க்காத ஓர் ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக் கப்பலில் வந்தது. வந்ததை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "இங்கே தண்டவாளமே கிடையாதே, ரயில்வே நிர்வாகம் எதுக்கு சார்?" என்று ஒரு தடவை கேட்டேன். துணைவேந்தர் என் கடையில் ஜிஞ்சர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"ரயில் வந்த பிறகு படிக்க ஆரம்பித்தால் தாமதமாகிவிடும், பரமசிவம்" என்றார். பிறகு ஏப்பம் விட்டார்.

விஞ்ஞானப் பாடத்தில் பால்சுறாவை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஜங்கிலிகாட் கரையில் பால்சுறா கூடை கூடையாகக் கிடக்கும். அதை எடுக்கக் கூடாதாம். அங்கீகாரம் பெற்ற மெயின்லேண்ட் கம்பெனியின் ஜாடிச் சுறாதான் வேண்டுமாம். ஜாடி கப்பலில் உடைந்து, மூட்டைகளுக்கு நடுவில் சுறா நாறி, பருப்பு வாங்கப் போன எங்களுக்கெல்லாம் பல்கலைக்கழகத்தின் வாசனை தெரிந்தது. அந்த வருஷம் மாணவர்கள் சுறாவின் படத்தை அறுத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் படித்தும் ஒருத்தி பாஸானாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது? என் கடைக்குப் பக்கத்துத் தையல்கடை அருள்நாதனின் மகள் ஆரோக்கியசெல்வி. அருள்நாதன் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தவர். சொந்தக்காரர்கள் எல்லாம் வலை இழுக்க, இவர் மட்டும் மிஷின் மிதித்தார். செல்வி ஜங்கிலிகாட்டில் சித்தப்பாவின் படகிலேயே சுறாவை அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் வருஷப் பரீட்சையில் விஞ்ஞானம் எழுதிய அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் தேறினாள். ரயில்வே நிர்வாகத்தில் யாரும் தேறவில்லை. கோதுமையில் யாரும் சேரவில்லை.

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தீவுக்காரர்களுக்கென்று அந்த வருஷம் ஒரே ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது செல்விக்குக் கிடைத்தது. பஜாரே கொண்டாடியது. நான் எல்லாருக்கும் சும்மா சோடா உடைத்தேன். செல்வியின் அம்மா அமுதம் மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். அவளுடைய இளைய பிள்ளை பிரகாசம் காய்ச்சலில் கிடந்தபோது, டாக்டர் கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தார். டாக்டர் திரும்பி வந்தபோது பிள்ளையைப் புதைத்தாகிவிட்டது. அன்றைக்கே அந்த வீட்டில் முடிவாகிவிட்டது, இந்தப் பெண் டாக்டராக வேண்டும் என்று. அதற்கு மேல் அவர்கள் கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவக் கல்லூரி கேட்டது அசல் சான்றிதழை. அசல் இல்லாமல் வாசலில்கூட ஏற்ற மாட்டோம், சொன்ன தேதிக்குள் வராவிட்டால் இடம் போய்விடும், ஒரு தடவை விட்டவருக்கு மறுபடியும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் மதராஸுக்குப் போக ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அடுத்தது வர மாதமாகும்.

அருள்நாதன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

"சாப், அந்த சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டீயன்னா பிள்ளைய கப்பல் ஏத்திருவேன்."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "அருள்நாதன், ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் சாதனையை ஜன்னல் வழியாகக் கொடுத்தனுப்ப முடியுமா? நாலு பேருக்குத் தெரியாமல் தேர்ச்சி பெற்றால் அது என்ன தேர்ச்சி?"

"எனக்குத் தெரிஞ்சா போதும் சாப்."

"உங்களுக்குப் போதும். டெல்லிக்குப் போதாது. பட்டமளிப்பு விழா வைக்கிறோம். டெல்லியிலிருந்து உயர்கல்வி ஆலோசகர் வருகிறார். அவர் கையால் வாங்கட்டும்."

"எப்ப வாராவ?"

"அதே கப்பலில்தான். மதராஸிலிருந்து அவரைக் கொண்டுவரும் கப்பல், உங்கள் பெண்ணைக் கொண்டுபோகும். என்ன பொருத்தம் பார்த்தீர்களா!"

அருள்நாதன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அது ஒழுகாத கூரை.

வெளியே தலைமைக் குமாஸ்தா கண்ணையா நின்றிருந்தான். அவன் தாத்தா கைதியாக வந்தவர். மூன்று தலைமுறையாகத் தீவுக்காரன். கப்பல் விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான் என்று நாங்கள் எல்லாரும் நம்புவோம். "அரே அருள்நாதன் பாய், டர் எதுக்கு, பயம் எதுக்கு? படா சாப் வர்ற ஜஹாஜ்லதானே படா சாப் திரும்பிப் போவார்? அவர் ஏறாம ஜஹாஜ் கிளம்புமா? கபி நஹி! அவர் மேடையில இருக்கற வரைக்கும் உங்க பேட்டிக்கு, உங்க பொண்ணுக்கு, ஜஹாஜ் நிக்கும். பிந்தாஸ், கவலையில்லாம போங்க."

இது பொய்யான பேச்சு இல்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. பெரிய அதிகாரியின் சம்சாரம் ஊறுகாய் ஜாடியை மறந்துவிட்டாள் என்று கப்பலே காத்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அருள்நாதனின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

பட்டமளிப்பு என்றால் கறுப்பு அங்கி வேண்டுமே. மதராஸிலிருந்து கறுப்புத் துணி வரவில்லை. துணைவேந்தர் யோசித்தார். அவர் யோசித்தால் எங்களுக்குத்தான் கேடு. பஜாரிலிருந்த குடைகளை எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்பிகளைப் பிடுங்கி, துணியை அருள்நாதனிடம் கொண்டுவந்து போட்டார்கள். தென்மேற்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற காலம். ஊர் முழுக்கத் தலையில் கோணிச் சாக்கோடு அலைந்தது. நர்ஸம்மாக்கள் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் மட்டும் ஒழுகாத கொட்டகையில் சொட்டு நனையாமல் இருந்தது.

முக்கோணம் முக்கோணமாக இருந்த துணியை ஒட்டுப்போட்டு அருள்நாதன் ராப்பகலாகத் தைத்தார். ஆட்சிமன்றத்துக்கு அத்தனை அங்கிகள். பட்டம் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு அங்கி. மகளுடையதை அவர் கடைசியாகத் தைத்தார். ஒட்டுத் தெரியாமல் உள்மடிப்பு வைத்து, கழுத்துக்குச் சாட்டின் பட்டி கொடுத்து, கல்யாணச் சேலைக்குத் தைக்கிற ரவிக்கை மாதிரி பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

"பி.யூ.சி.க்கு எந்த ஊர்லப்பா அங்கி போடுதாவ?" என்று செல்வி கேட்டாள்.

"இந்த ஊர்ல போடுதாவ. பேசாம கைய நீட்டு, அளவு பாப்போம்."

பிறகு ஒத்திகை தொடங்கியது. தினமும் செல்வி மேடை ஏற வேண்டும், இடமிருந்து வலம் நடக்க வேண்டும், குனிய வேண்டும், துணைவேந்தர் அசல் சான்றிதழை எடுத்து அவள் கையில் வைப்பார். அவள் நன்றி சொல்ல வேண்டும். பிறகு கண்ணையா வந்து அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவான். தினமும் கொடுப்பார்கள், தினமும் பிடுங்குவார்கள். என் ரத்தம் கொதித்தது. அருள்நாதனுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை.

"சாப், கையில குடுத்ததை அப்படியே விட்டா என்ன? நாளைக்கு வெறுந்தாள வச்சு ஒத்திகை பாருங்களேன்."

"வெறுந்தாளை வைத்து எப்படி ஒத்திகை பார்ப்பது? கை பழக வேண்டாமா?"

"அப்ப அசலக் குடுங்க."

"ஒத்திகையில் அசலைக் கொடுக்க விதி இல்லை, அருள்நாதன். ஒத்திகையில் கொடுப்பது கொடுப்பது போன்றதுதான்."

செல்வி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "மாமா, கையில இருக்கறப்பவே ஓடிரலாமான்னு தோணுது" என்று என்னிடம் சொன்னாள். எங்கே ஓடுவது? எந்தப் பக்கம் ஓடினாலும் கடல்.

கப்பல் புயலில் மாட்டித் தாமதமாக வந்தது. வந்த வேகத்தில் மறுநாள் மாலையே திரும்பும் என்று கப்பல் ஆபீசில் எழுதிப் போட்டார்கள். ஆலோசகரை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி பச்சையாக இருந்தது. எலுமிச்சை சோடா என் கடையிலிருந்துதான் போனது. கரை இறங்கியவர் முதலில் சொன்ன வார்த்தை "இனிமேல் வேண்டாம்" என்பது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உட்பட.

விழா காலையில் என்றார்கள். ஆலோசகர் எழுந்திருக்க மத்தியானம் ஆயிற்று. அமுதம் தகரப் பெட்டியையும், முறுக்கு டின்னையும் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். சான்றிதழ் கைக்கு வந்ததும் செல்வி அங்கியோடு ஜீப்பில் வந்து ஏறிவிடுவது என்று ஏற்பாடு.

மேட்டில் பந்தல். பந்தலிலிருந்து பார்த்தால் கப்பல் நன்றாகத் தெரியும், புகைபோக்கி, கொடி எல்லாம். ஆட்சிமன்றம் அணிவகுத்து வந்தது. குடைத்துணி சரசரவென்று சத்தம் போட்டது. உள்ளே காற்றுப் புகாமல் ஒவ்வொருவரும் இட்லிப் பானை போலப் புழுங்கினார்கள். வட்டாரப் பல்கலைக்கழகம் என்பதால் எதையும் மூன்று மொழியில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். துணைவேந்தர் இங்கிலீஷில் சொல்வார். அதையே ஹிந்தியில் சொல்வார். பிறகு பெற்றோர்களுக்காகத் தமிழில் சொல்வார். வந்திருந்த பெற்றோர் அருள்நாதன் ஒருத்தர்தான்.

"நம் மாணவர்களின் சாதனைகள் எண்ணிலடங்காதவை" என்று தொடங்கினார். "கல்வியில்: விஞ்ஞானத்தில் தேறிய அனைவரும் முதல் வகுப்பு. அந்த அனைவரும் செல்வி ஆரோக்கியசெல்வி. நடையில்: பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து வாங்கும் உத்தேசம் நிலுவையில் இருப்பதால், இவர் தினமும் நடந்தே வந்து நடையில் முதலிடம் பெற்றிருக்கிறார். நீச்சலில்: கல்விச் சுற்றுலாவின்போது பல்கலைக்கழகப் படகு கவிழ்ந்தது. அந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்தி, இவர் தானும் நீந்திக் கரைசேர்ந்து, கூட வந்த மாணவியையும் இழுத்து வந்தார். பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் இந்தச் சாதனை நடந்திருக்குமா என்று கேட்கிறேன்!"

கைதட்டினார்கள். இதையே ஹிந்தியில் சொன்னார். மறுபடியும் தட்டினார்கள். தமிழில் சொன்னபோது கப்பலின் முதல் சங்கு ஊதியது.

அருள்நாதன் திடுக்கிட்டு எழுந்தார். கண்ணையா பின்னாலிருந்து தோளை அமுக்கினான். "பைட்டோ பாய். படா சாப் இங்கேதானே இருக்கார்? சங்கு சும்மா ஊதுவான்."

நானும் சொன்னேன், "உக்காருங்க. அவரை விட்டுட்டுப் போக கேப்டனுக்கு ரெண்டு தலையா இருக்கு?" பந்தல் முழுக்க அதே நினைப்புதான். சான்றிதழ் மேஜைமேல், ஆலோசகரின் கைக்கெட்டும் தூரத்தில், ரோஜாநிற நாடா கட்டி இருந்தது. செல்வி மேடைக்குக் கீழே அங்கியோடு நின்றிருந்தாள். அவள் சான்றிதழையும் பார்க்கவில்லை, ஆலோசகரையும் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் எழுந்தார். கடலைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தோம். கோதுமையைப் பற்றிப் பேசினார். துணைவேந்தர் அதை ஹிந்தியிலும் தமிழிலும் சொன்னார். "இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் கண்ட தனிச்சிறப்பு, மாணவர் தொல்லை இல்லாமை" என்றார் ஆலோசகர். "மாணவர்கள் குறையக் குறைய நிர்வாகத்தின் தரம் உயர்கிறது. ஒரே மாணவியை வைத்து இவ்வளவு பெரிய விழா எடுக்க முடிகிறது என்றால், மாணவரே இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ செய்யலாம்." ஆட்சிமன்றம் சரசரவென்று கைதட்டியது. அதையும் மூன்று தடவை கேட்டோம்.

இரண்டாவது சங்கு.

அருள்நாதன் யார் பேச்சையும் கேட்கவில்லை. நேரே மேடைக்குப் போய்விட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, "ஐயா, சாப், உங்க காலைப் பிடிக்கேன். பேச்ச அப்புறம் பேசுங்க. அந்தத் தாள மட்டும் எம்பிள்ள கையில குடுத்துருங்க. பெட்டியோட அவ அம்மா அங்க உக்காந்திருக்கா. ஒரு நிமிஷம் சாப்!" என்று கெஞ்சினார். அழுதே விட்டார். அவர் அப்படி அழுது நான் பார்த்தது பிரகாசத்தை அடக்கம் செய்த அன்றைக்குத்தான்.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். "உணர்ச்சிவசப்பட்ட ஒரு தந்தையின் நன்றியுரையைக் கேட்டீர்கள்" என்றார். அதை இங்கிலீஷில் சொன்னார். ஹிந்தியில் சொன்னார். நன்றியுரை நிகழ்ச்சிநிரலில் கடைசியில்தான் வர வேண்டும், ஆனாலும் பெற்றோரின் ஆர்வத்தை மதித்து மன்னிப்பதாகவும் சொன்னார். இரண்டு பேர் அருள்நாதனை மரியாதையாகக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

செல்வி மேடையேறி மேஜையருகே போய்க் கையை நீட்டினாள். "இன்னும் உங்கள் முறை வரவில்லை அம்மா, ஒத்திகையில் இப்படியா சொல்லித் தந்தோம்?" என்று துணைவேந்தர் புன்னகையோடு அவளைத் திருப்பி அனுப்பினார்.

மூன்றாவது சங்கு நீளமாக ஊதியது. பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது. முதலில் ஒரு கோடு மாதிரி இருந்தது. பிறகு அகலமாகிக்கொண்டே போயிற்று. கண்ணையா வாயைப் பிளந்தபடி கப்பலைப் பார்த்தான், ஆலோசகரைப் பார்த்தான், மறுபடி கப்பலைப் பார்த்தான்.

"படா சாப்! ஜஹாஜ்! உங்க ஜஹாஜ் போகுது!" என்று கத்தினான்.

ஆலோசகர் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். "அழகான காட்சி. நான் விமானத்தில் போகிறேன். அந்தக் கப்பலில் இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கேப்டனிடம் நேற்றே சொல்லிவிட்டேன்."

பிறகு அவர் பேச்சைத் தொடர்ந்தார். கோதுமை முடிந்து பனிமலைக்கு வந்தார். கப்பல் ராஸ் தீவைத் தாண்டிச் சின்னதாகிப் போனபோது செல்வியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் இடமிருந்து வலம் நடந்தாள். குனிந்தாள். சான்றிதழை வாங்கினாள். நன்றி சொன்னாள். ஒரு பிசகு இல்லை. வாங்கியதும் பழக்கத்தில் கண்ணையாவிடம் திருப்பி நீட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு யாரும் அதைப் பிடுங்கவில்லை.

பட்டமளிப்புச் சத்தம் அடங்கிய பிறகு அமுதம் பெட்டியைத் தலையில் சுமந்து மேடு ஏறி வந்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். மகளை அங்கியோடு பார்த்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். "எல்லாரும் ஏறிட்டாவ. நான் ஏணிப்படிய புடிச்சிக்கிட்டே நின்னேன். வந்துருவா, வந்துருவான்னேன். சிரிக்காவ" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அருள்நாதன் விடவில்லை. தையல் மிஷினை விற்றாவது விமானத்தில் அனுப்புகிறேன், கல்கத்தா போய் ரயிலேறட்டும் என்று விமான ஆபீசுக்கு ஓடினார். தேதிக்குள் போக ஒரே விமானம்தான் இருந்தது. அதில் கடைசி இடம் நேற்றுத்தான் போயிற்று என்றார்கள். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. மதராஸுக்குத் தந்தி கொடுத்தோம். இடம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று பதில் வந்தது.

பல்கலைக்கழகம் ஆண்டறிக்கை வெளியிட்டது. அதை என் கடையில் உட்கார்ந்து துணைவேந்தரே சத்தமாகப் படித்தார். "மெயின்லேண்டின் மருத்துவக் கல்லூரி அழைத்தும், தீவு மண்ணை விட்டுப் பிரிய மனமில்லாமல், நம் தலைசிறந்த மாணவி இங்கேயே உயர்கல்வியைத் தொடர்கிறார்." தொடர்ந்தது உண்மைதான். வேறு என்ன செய்வாள்? விஞ்ஞானத்துக்கு மேல்படிப்பு அங்கே இல்லை. ரயில்வே நிர்வாகத்தில் இடம் காலியாக இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிடும் என்று அருள்நாதன் சேர்த்துவிட்டார். ஒழுகுகிற கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, சிக்னல் எப்போது இறங்கும் என்று படித்தாள். கப்பல் சங்கு கேட்டால் புத்தகத்தை மூடிவிடுவாளாம். சுத்தமாகப் பேச்சு நின்றுபோயிற்று. என்னை "மாமா" என்று கூப்பிட்டே வெகுநாளாயிற்று.

மறு வருஷம் மழை தொடங்கியதும் துணைவேந்தர் பஜாருக்கு இறங்கி வந்தார். பின்னால் கண்ணையா குடைக்கட்டைத் தூக்கி வந்தான். போன வருஷத்து அங்கிகள் பூஞ்சணம் பிடித்துவிட்டனவாம்.

"அருள்நாதன், இந்த ஆண்டும் விழா உண்டு. விஞ்ஞானத்தில் யாரும் தேறவில்லை. ஆகவே தலைசிறந்த மாணவி விருது இந்த ஆண்டும் உங்கள் பெண்ணுக்குத்தான். வாழ்த்துகள். அளவு எடுத்துச் சிரமப்பட வேண்டாம், போன வருஷ அளவுக்கே தைத்துவிடுங்கள்."

அருள்நாதன் மிஷினை நிறுத்தினார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"அந்த அளவு ஆகாது சாப்" என்றார் கடைசியில். "சோறே எறங்க மாட்டேங்கு. எம்பிள்ள பாதியாப் போயிட்டா."

துணைவேந்தர் குடைக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ ஒரு குடை மிச்சம்" என்றார்.

மழை வலுத்துக்கொண்டிருந்தது. மிச்சமான குடையை உருவி விரித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.